ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா? ஹெட்டைத் திறப்பதற்கு முன் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

காரின் ஆயில் மூடியைக் கழற்றியதும் அதன் உள்பக்கத்தில் பாலேடு போல வெளிறிய, வழவழப்பான ஒரு படலம் ஒட்டியிருந்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். அதுவும் பழைய கார் என்றால் கேட்கவே வேண்டாம், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று ஒரே குரலில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

என் காருக்கு இருபது வயது தாண்டியிருந்தபோது எனக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. மூடியை மட்டும் பார்த்துவிட்டு ஹெட்டை இறக்கினார்கள், கேஸ்கெட் மாற்றினார்கள், ஒரு வாரத்துக்கு மேல் கார் இல்லாமல் அலைந்தேன். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: சிலிண்டரைச் சுற்றியிருந்த உலோக வளையம் எங்கும் கருகவில்லை, தண்ணீர்த் துளைக்கும் ஆயில் துளைக்கும் நடுவே கசிந்த தடம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மூடியில் மறுபடி அதே வெள்ளை. உண்மையான காரணம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை குளிர்விக்கும் திரவத்தை (கூலண்ட்) ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. அது மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் எஞ்சின் ஒரு நாளும் முழுச் சூட்டுக்கு வரவில்லை, உள்ளே சேர்ந்த ஈரம் காயவே இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் உதிரிப்பாகம்! அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது.

அதனால் இங்கே ஒப்பிடப்போவது இவைதான்: ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது, சோதனைகள் செய்வது (அதில் எந்தச் சோதனை எதைச் சொல்லும் என்பது), நேரே ஹெட்டைத் திறப்பது, கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றுவது, கடைசியாக எஞ்சினையே மாற்றுவது. ஐந்தும் ஒரே எடை உள்ளவை அல்ல. சோதனை விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது

ஆயிலோடு தண்ணீர் சேர்ந்து, உள்ளே சுழலும் பாகங்களால் கடையப்பட்டு, இரண்டும் பிரியாமல் கலந்துபோனதுதான் அந்த வெள்ளை. தண்ணீர் வரப் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று எரிபொருளே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் அந்த ஆவி பிசிவி வால்வு (கிராங்க் அறையின் ஆவியை எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு சேர்க்கும் வால்வு) வழியாக வெளியே இழுக்கப்பட்டுவிடும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற காரில் அதற்கு நேரமே கிடைக்காது, ஆவி குளிர்ந்த உலோகத்தில் படிந்து தண்ணீராகும். எஞ்சினில் சீக்கிரம் குளிர்கிற உயரமான இடம் எது? ஆயில் மூடியும் வால்வு கவரும். அதனால்தான் வெள்ளை முதலில் அங்கே தெரிகிறது.

இரண்டாவது வழி கூலண்ட். இது வேறு கதை. கூலண்டில் பாதி தண்ணீர் என்றால் மீதி பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது சூட்டில் சிதைந்து அமிலமாகும், ஆயிலில் உள்ள சேர்மானங்களோடு சேர்ந்து சகதியாகும், ஆயில் ஃபில்டரை அடைக்கும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மென்மையான மேற்பூச்சை அரிக்கும். வியர்த்துச் சேர்ந்த ஈரத்தோடு சில நாள் ஓட்டலாம். கூலண்ட் கலந்த ஆயிலோடு ஓட்டினால் கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை கிராங்க் ஷாஃப்ட் வரை போகும்.

மூன்றாவதாக வெள்ளத்தில் ஓடிய கார்களைச் சொல்ல வேண்டும். தண்ணீர் காற்று உறிஞ்சும் குழாய் வழியாகவோ டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) குழாய் வழியாகவோ போயிருக்கும். அந்தக் காரில் சோதனை ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை இறக்க வேண்டும், கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, முடிந்தால் இரவு முழுக்க நின்ற பிறகு, டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடையுங்கள். மூடியில் வெள்ளை இருந்தும் காகிதத்தில் விழுந்த ஆயில் வழக்கமான பழுப்பிலோ கறுப்பிலோ தெளிவாக இருந்தால் ஈரம் மேலே மட்டும்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காகிதத்திலேயே சேற்றுநீர் மாதிரி வெளிறிய நிறம் தெரிந்தாலோ, ஆயில் ஊற்றாமலே மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் வரைக்கும் தண்ணீர் போய்விட்டது. அப்படியானால் இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குக் கூட ஓட்டிப் போக வேண்டாம், இழுத்துப் போகச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன்.

டிப்ஸ்டிக்கில் ஒரு சிக்கல் உண்டு. அதன் குழாயிலேயே ஈரம் படிந்து, கம்பியின் மேல்பாதியில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும், முனை சுத்தமாக இருக்கும். அதை வைத்துப் பதற வேண்டாம். முனையை மட்டும் பாருங்கள், துடைத்துவிட்டு இரண்டாம் முறை விட்டு எடுத்ததைப் பாருங்கள்.

அப்புறம் கூலண்ட் தொட்டி. மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், ஒவ்வொரு தடவையும் எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே ஒப்பிடுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் மட்டம் இறங்கினால் அது உள்ளேதான் போகிறது. கூலண்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள், அது பின்னால் ஆயில் கூலர் பற்றிப் பேசும்போது உதவும். ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருகிறதா? பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறப்பவை. இருபது நிமிடம் ஓட்டியும் முள் கீழேயே கிடந்தால், அல்லது இறக்கத்தில் போகும்போது முள் விழுந்துகொண்டே வந்தால், தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. என் காரில் அந்த முள் பல மாதமாகக் கால்வாசியில்தான் நின்றிருக்கிறது. எஞ்சின் சூடே ஆகவில்லை, நல்ல எஞ்சின் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் வழி: ஆயில் மாற்றி, ஓட்டிப் பார்ப்பது

மூடியில் மட்டும் வெள்ளை, டிப்ஸ்டிக் முனை சுத்தம், கூலண்ட் மட்டம் இறங்கவில்லை, இந்த மூன்றும் ஒத்துவந்தால் இதுதான் சரியான வழி, வேறெதற்கும் செலவு செய்ய வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், மூடியையும் அதன் வாயையும் துணியால் துடைத்துவிடுங்கள், பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள் (பெரும்பாலானவை நல்ல நிலையில் கடகடவென்று சத்தம் தரும், அடைத்திருந்தால் தராது), அதன் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைச் சகதி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாரத்தில் ஒரு நாளாவது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல், நின்று நின்று போகாத சாலையில் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது, முள் காட்டுவது கூலண்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும், அது 100 டிகிரியை நெருங்கிக் கொஞ்ச நேரம் நின்றால்தான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும்.

இரண்டு மூன்று வாரத்தில் மூடி சுத்தமாகவே இருந்தால் விஷயம் முடிந்தது. மறுபடி வெள்ளை வந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்து கூலண்டும் குறைய ஆரம்பித்தால் அடுத்த வழிக்கு வந்துவிட வேண்டும், ஆயிலை மாற்றிக்கொண்டே காலம் தள்ளக்கூடாது.

இரண்டாம் வழி: சோதனைகள்

இங்கேதான் குழப்பம் அதிகம். ஒரு சோதனை செய்கிறார்கள், ஒன்றும் இல்லை என்று வருகிறது, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

இதைப் புரிந்துகொள்ள ஹெட் கேஸ்கெட்டைக் கண்முன் கொண்டுவாருங்கள். அதில் மூன்று விதத் துளைகள்: சிலிண்டருக்கான பெரிய வட்டங்கள், கூலண்ட் போகும் துளைகள், ஆயில் போகும் துளைகள். சிலிண்டருக்கும் கூலண்டுக்கும் நடுவே உடைந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை வரும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே உடைந்தால் அந்த இரண்டிலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) விழும், தண்ணீர்ப் பிரச்சினையே இருக்காது. கூலண்டுக்கும் ஆயிலுக்கும் நடுவே உடைந்தால் ஆயில் வெளுக்கும், ஆனால் எஞ்சின் சீராக ஓடும், குமிழியும் இருக்காது, புகையும் இருக்காது. நம் பிரச்சினை பெரும்பாலும் இந்த மூன்றாவது.

இப்போது சோதனைகளுக்கு வருவோம்.

சூடான தட்டில் ஆயிலைச் சொட்டும் சோதனை எல்லாவற்றிலும் எளிது. இரும்புத் தட்டு ஒன்றை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, முதலில் புது ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். அது சத்தமில்லாமல் பரவிப் பளபளவென்று கிடக்கும். பிறகு சம்ப்பிலிருந்து எடுத்த ஆயிலில் ஒரு சொட்டு. தண்ணீர் இருந்தால் விழுந்த நொடியே சடசடவென்று பொரியும், சின்னச் சின்னக் குமிழிகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், கொஞ்சம் தெறிக்கவும் செய்யும். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே இதில் தெரிந்துவிடும். ஆனால் இது சொல்வது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். வியர்த்துச் சேர்ந்த தண்ணீரும் பொரியும், கூலண்டும் பொரியும்.

சம்ப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்திப் பார்ப்பது இதைவிட ஒரு படி மேல். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், இரவு முழுக்க நின்றால் கலக்காமல் மிஞ்சியது அடியில் தேங்கும். போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று தளர்த்தினால் முதலில் அதுதான் ஒழுகும். ஒழுகுவது பச்சையாகவோ சிவப்பாகவோ உங்கள் கூலண்டின் நிறத்தில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒன்றும் ஒழுகாவிட்டால் மட்டும் கூலண்ட் இல்லை என்று சொல்லிவிட முடியாது, முழுக்கக் கடையப்பட்டுக் கலந்துபோன தண்ணீர் அவ்வளவு சுலபமாகப் பிரியாது.

பலரும் முதலில் ஓடுவது நீலத் திரவச் சோதனைக்கு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலே நிற்கும் காற்றை அந்த நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். கூலண்டுக்குள் எரிந்த வாயு வந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தை மஞ்சளாக்கும். நல்ல சோதனைதான், ஆனால் அது கேட்கிற கேள்வி சிலிண்டருக்கும் கூலண்டுக்கும் நடுவே ஓட்டை இருக்கிறதா என்பது. மஞ்சளானால் நம்பலாம். நீலமாகவே இருந்தால் நம் பிரச்சினைக்கு அது பதிலே இல்லை, ஆயிலுக்கும் கூலண்டுக்கும் நடுவே உள்ள ஓட்டையை அது பார்க்கவே பார்க்காது. கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று இதை மட்டும் வைத்துச் சொல்லி அனுப்பப்பட்ட கார்கள் பிறகு பேரிங் தட்டும் சத்தத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

கம்ப்ரஷன் சோதனைக்கும் இதே குறை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் ஒன்றாகக் குறைந்தால் கேஸ்கெட்டைக் கை காட்டும், மற்றபடி நம் கேள்வியைத் தொடாது. ஆனால் அதற்காக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது ஒரு லாபம் உண்டு: மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எங்கே வெளியேறுகிறது என்று கேட்கும் சோதனை கம்ப்ரஷன் அளப்பதைவிட மேல், ரேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டரைக் கையோடு பிடித்துவிடலாம்.

எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் செய்வது கூலிங் பிரஷர் சோதனை. சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடிக்கும் ஒரு பம்ப், அதில் ஒரு மீட்டர், ரேடியேட்டர் வாய்க்கோ கூலண்ட் தொட்டிக்கோ பொருந்தும் ஒரு மூடி, இவ்வளவுதான் கருவி. சில இடங்களில் வாடகைக்கும் கிடைக்கும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் மாட்டி, பழைய மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, பல கார்களில் அது 1 பார் அளவில் இருக்கும், அடித்துவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் நல்ல ரேடியேட்டரையும் ஹீட்டரையும் கெடுத்துவிடுவீர்கள். இருபது நிமிடம் முள் அசையாமல் நின்றால் சந்தோஷம். மெல்ல இறங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும், வாட்டர் பம்ப்பையும், காருக்குள் கால் வைக்கும் விரிப்புக்கு அடியிலும் (ஹீட்டர் ஒழுகினால் அங்கேதான் ஈரமாகும்) பாருங்கள்.

வெளியே எங்கும் ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் செய்ய வேண்டியது இது: ஆயிலை முழுக்க இறக்கி, சம்ப் போல்ட்டைக் கழற்றியபடியே விட்டு, அடியில் சுத்தமான தட்டு ஒன்றை வைத்து, மறுபடி பிரஷர் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தட்டில் பச்சைச் சொட்டு விழுந்திருந்தால் உங்களுக்கு நேரடிச் சாட்சி கிடைத்துவிட்டது. என்னிடம் ஒரு பழைய டீசல் கார் வந்தபோது அப்படித்தான் செய்தேன். முதல் ஒரு மணி நேரம் கறுத்த ஆயில் மட்டும் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, பிறகு அது நின்று, நீண்ட நேரம் கழித்து ஒரு சொட்டு மட்டும் போல்ட் துளையின் விளிம்பில் திரண்டு நின்றது, நிறம் வேறாக இருந்தது, விரலில் எடுத்துத் தேய்த்தால் ஆயில் மாதிரி வழுக்காமல் பிசுபிசுத்தது. அந்த ஒரு சொட்டுக்கு அப்புறம் யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சில விரிசல்கள் சூட்டில்தான் திறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குளிரில் முள் அசையவில்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறது என்றால், டிப்ஸ்டிக் முனை சுத்தமாக உள்ள காரில் மட்டும், பம்ப்பைக் குளிர்ந்தபோதே மாட்டி எஞ்சினைச் சூடாக்கி, பிரஷர் ஏறினால் வெளியேற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் ஒரு வழிதான். கூலண்டில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் ஆயிலில் கூடியிருந்தால் வந்த தண்ணீர் கூலண்ட் என்று தெரிந்துவிடும், கிளைக்கால் சூட்டில் சிதைந்துபோனாலும் இந்த உலோகங்கள் தங்கிவிடும். பதில் வரச் சில நாள் ஆகும். டிப்ஸ்டிக் சந்தேகமாக இருந்து, பிரஷர் சோதனையிலும் ஒன்றும் பிடிபடாதபோது இதற்கு மதிப்பு அதிகம். டிப்ஸ்டிக்கிலேயே பச்சையாகத் தெரிகிற காருக்கு இது வீண்.

ஆயில் கூலரை மறந்துவிடாதீர்கள்

கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று உறுதியான பிறகும் ஹெட் கேஸ்கெட்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. பல டீசல் எஞ்சின்களிலும் டர்போ எஞ்சின்களிலும் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஆயில் கூலர் ஒன்று இருக்கும், அதற்குள் ஆயிலும் கூலண்டும் மெல்லிய தகடுகளுக்கு இரண்டு பக்கமும் ஓடும். அந்தத் தகடு அரித்தாலோ அதன் ரப்பர் வளையம் காய்ந்துபோனாலோ இரண்டும் கலந்துவிடும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்காவது இருக்கும், அதனால் ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், கூலண்டில் சூடு ஆறும் வரை அழுத்தம் மிச்சமிருக்கும், அந்த நேரத்தில் கூலண்ட் ஆயிலுக்குள் வரும். ஆகவே கூலண்ட் தொட்டியில் கெட்டியான ஆயில் சகதி நிறையவும், சம்ப்பில் வெள்ளை கொஞ்சமாகவும் இருந்தால் நான் முதலில் கை வைப்பது ஆயில் கூலரில்தான். அதற்குப் போகும் இரண்டு கூலண்ட் குழாய்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அதாவது கூலரைக் கூலண்ட் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, மறுபடி பிரஷர் சோதனை செய்யுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால் உங்கள் ஹெட் தப்பித்தது. நான் மேலே சொன்ன டீசல் கார் அப்படித்தான் தப்பித்தது.

இன்னும் சில இடங்களும் உண்டு. சில வி வடிவ எஞ்சின்களில் காற்று போகும் மேனிஃபோல்ட் வழியாகவே கூலண்ட் போகும், அந்த கேஸ்கெட் போனால் நேரே கீழே ஆயிலுக்குள் இறங்கும். சில எஞ்சின்களில் டைமிங் கவருக்குப் பின்னால் கூலண்ட் வழி இருக்கும், அல்லது வாட்டர் பம்ப் டைமிங் செயின் அறைக்குள்ளேயே இருக்கும். தனியாகக் கழற்றி மாட்டும் லைனர் (சிலிண்டரின் உள்சுவரான குழாய்) உள்ள பழைய எஞ்சின்களில் லைனரின் அடியில் உள்ள ஓ-ரிங் காய்ந்தால் கூலண்ட் சொட்டுச் சொட்டாகச் சம்ப்பில் விழும், சம்ப்பைக் கழற்றி அண்ணாந்து பார்த்தால் எந்த லைனர் என்றே தெரியும். உங்கள் எஞ்சினில் இவற்றில் எது இருக்கிறது என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் வழி: ஹெட்டைத் திறப்பது

மேலே சொன்னவை எல்லாம் கழிந்து, கேஸ்கெட்டோ ஹெட்டில் விரிசலோதான் என்று ஆன பிறகு இது சரியான வழி. திறந்தால் பாதி வேலையோடு மூடக்கூடாது. ஹெட்டை நேர்விளிம்புக் கம்பியும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஃபேசிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்யச் சொல்வார்கள், சரியான அளவு கையேட்டில் இருக்கும். பிளாக்கின் மேல்பரப்பையும் அதே மாதிரி பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹெட்டை மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும், விரிசல் உள்ள ஹெட்டில் புதுக் கேஸ்கெட் வைத்து என்ன பயன்? இழுபட்டு இறுகும் வகை போல்ட்டாக இருந்தால் புதிதுதான் போட வேண்டும். பிளாக்கில் போல்ட் இறங்கும் குருட்டுத் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறுக்கும்போது அது வழியில்லாமல் அழுந்தும், டார்க் (இறுக்கும் விசையின் அளவு) தப்பாகக் காட்டும், பிளாக்கே வெடிக்கவும் கூடும், ஒவ்வொன்றையும் உறிஞ்சிக் காயவைக்க வேண்டும்.

அடைக்கும் திரவம், மாற்று எஞ்சின்

ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கும் திரவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவற்றில் இந்த வேலைக்கு நம்பிக்கையில்லை. பல வகைகளில் இருப்பது சோடியம் சிலிக்கேட், சூடான இடத்தில் கெட்டியாகும். சிலிண்டர் பக்கத்துச் சின்னக் கசிவில் அது சில நாள் தாங்கலாம். கூலண்டும் ஆயிலும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சூடு கிடையாது, அடைக்கிற பொருளே ஆயிலுக்குள் போகும் வாய்ப்புதான் உண்டு, ஹீட்டரின் மெல்லிய குழாய்களும் அடைத்துக்கொள்ளும். நாளைக்கு ஹெட்டைத் திறக்கிறவருக்கும் அது தொல்லை.

எஞ்சின் மாற்றுவது எப்போது? கூலண்ட் கலந்த ஆயிலோடு நிறைய தூரம் ஓடியிருந்தால் ஹெட் வேலைக்குச் சம்மதிக்கும் முன் சம்ப்பைக் கழற்றி ஒரு மெயின் பேரிங்கையும் ஒரு கனெக்டிங் ராட் பேரிங்கையும் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால், கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால், மேலே எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கீழ்பாகம் நிலைக்காது. அப்போது முழு எஞ்சின் வேலையையும் பழைய எஞ்சின் வாங்குவதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடலாம். பழைய எஞ்சின் வாங்கினால் மேலே சொன்ன பிரஷர் சோதனையை அதற்கும் செய்துவிட்டு வாங்குங்கள். இரண்டும் வேண்டாம், விற்றுவிடலாம் என்றால் உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள், ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

எந்த வழியில் சரி செய்திருந்தாலும் முதல் முறை ஊற்றிய ஆயிலோடு விட்டுவிடக்கூடாது. உள்ளே வழிகளிலும் பள்ளங்களிலும் தங்கிய வெள்ளை அதில் கரைந்து வரும். விலை குறைந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, எஞ்சின் சூடாகும் வரை வேகமெடுக்காமல் கால் மணி நேரம் ஓடவிட்டு இறக்குங்கள், இதையே இன்னொரு முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஈரம் பட்ட காகிதம் ஊறி அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவுவதை நான் செய்யமாட்டேன், ஏற்கெனவே அடிபட்ட பேரிங்கில் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஆயில் படலத்தையும் அது கழுவிவிடும். மூன்றாவதாக நல்ல ஆயில் ஊற்றி, கூலண்ட் தொட்டியில் புதிதாக டேப் ஒட்டி, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் துடையுங்கள். முதல் ஓரிரு நாள் லேசாக மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால் அது பழைய மிச்சம். தெளிந்த பிறகு மறுபடி வெளுத்தாலோ, டேப்புக்குக் கீழே மட்டம் இறங்கினாலோ, எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு பிரஷர் பம்ப்பை மறுபடி மாட்டுங்கள்.